அட்டாரி எஸ்டியின் டைமர்களை வைத்து இசைக்குப் புதுச் சத்தம் சேர்ப்பது எப்படி

கோடை லீவில் அக்கா மகன் பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்திருந்தான். பழைய அட்டாரி எஸ்டி கம்ப்யூட்டருக்கு நான் எழுதிய ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது சுற்றில் நிறுத்தச் சொன்னான். "மாமா, இந்தச் சிப்புல மூணே குரல்தான், எல்லாமே சதுர அலைன்னு சொன்னீங்க. அப்ப அந்தச் செண்டை எங்கிருந்து வருது? அடியில ஒண்ணு உறுமுதே, அது என்ன?"

சரியான கேள்வி. பதில் சொல்லி முடிக்க நான்கு சாயங்காலம் ஆனது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அசெம்பிளி மொழி கொஞ்சம் எட்டிப் பார்த்திருந்தால் போதும். இசை இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் இடக்கை என்ற மேளத்தைக் கேட்டிருப்பீர்கள். சின்ன வாத்தியம், ஒரே ஒரு மெல்லிய குச்சி. இடது கை கயிறுகளை அழுத்தி விட, அந்தத் தோலிலிருந்தே சுரங்கள் எழும். வாத்தியம் மாறவில்லை, அதை வேறொரு கை சரியான நேரத்தில் அழுத்துகிறது, அவ்வளவுதான். எஸ்டியில் அந்த இடது கையின் வேலையை டைமர் செய்கிறது.

முதலில் சிப்பைப் பற்றிக் கொஞ்சம்

அட்டாரி எஸ்டி 1985-இல் வந்தது. 68000 பிராசசர், வேகம் 8 மெகாஹெர்ட்ஸ். சத்தத்துக்கு யமஹாவின் ஒய்எம்2149 சிப். அதற்குள் ஏ, பி, சி என்ற மூன்று குரல்களுக்கும் மூன்று சதுர அலைகள், இரைச்சலுக்கு ஒன்று, ஒலி தானாக ஏறி இறங்குவதற்கு 'என்வலப்' என்று ஒன்று. ஒலியளவு 0 முதல் 15 வரை பதினாறு படி. சதுர அலை எப்போதும் பாதி மேலே, பாதி கீழே. அதன் அகலத்தை மாற்ற வழியே கிடையாது. 1982-இல் வந்த கொமடோர் 64 கம்ப்யூட்டரின் எஸ்ஐடி சிப்பில் அகலத்தை விருப்பப்படி மாற்றலாம், ஃபில்டரும் உண்டு. அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு எஸ்டி தட்டையாகத்தான் கேட்கும்.

ஆனால் எஸ்டியில் இன்னொரு சிப் இருக்கிறது: 68901, எம்எஃப்பி என்பார்கள். அதில் ஏ, பி, சி, டி என நான்கு டைமர்கள். ஒவ்வொன்றும் ஒரு எண்ணிலிருந்து கீழ்நோக்கி எண்ணி, முடிந்ததும் பிராசசரின் தோளைத் தட்டும். அதுதான் இன்டர்ரப்ட். தட்டியவுடன் நாம் எழுதி வைத்த சின்ன ரொட்டீன் ஓடி, சிப்பில் ஒரு எண்ணை மாற்றிவிட்டுத் திரும்பும். இது நொடிக்கு நூறு, ஆயிரம் தடவை நடக்கும்போது அந்த மாற்றமே ஒரு சத்தமாகிவிடுகிறது.

ஸ்பெக்ட்ரம் 128, ஆம்ஸ்டிராட் சிபிசி என்ற அந்தக் காலக் கம்ப்யூட்டர்களிலும் இதே குடும்பத்துச் சிப்தான். ஆனால் முதலாவதில் நொடிக்கு 50 இன்டர்ரப்ட், இரண்டாவதில் 300, அந்த வேகத்தை நாம் மாற்ற முடியாது. அதனால்தான் இந்த வித்தையைக் கற்க எஸ்டியே நல்ல இடம் என்கிறேன்.

என்ன வேண்டும்

நிஜ எஸ்டி வேண்டாம். லேப்டாப்பையே எஸ்டி போல நடக்க வைக்கும் ஹட்டாரி என்ற இலவச எமுலேட்டர், அதற்கு எஸ்டியின் சிஸ்டமாக எமுடாஸ் என்ற இலவச ரோம், அசெம்பிள் செய்ய வீஏஎஸ்எம். மூன்றும் பழைய லேப்டாப்பிலேயே ஓடும். ஹெட்ஃபோன் மட்டும் நல்லதாக இருக்கட்டும். லேப்டாப் ஸ்பீக்கரில் அடிக்குரல் கேட்காது, நாம் செய்யப்போவது பெரும்பாலும் அடிக்குரல்தான். எங்காவது பழைய எஸ்டி கிடைத்தாலும் உடனே பிளக்கில் சொருகாதீர்கள். நாற்பது வருடப் பவர் சப்ளையைத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

முதல் படி: சிப்போடு பேசுவது

இந்தக் கட்டுரையில் முகவரிகள் எல்லாம் பதினாறடிமான எண்கள். ஒய்எம் சிப்புக்கு இரண்டு வாசல். எஃப்எஃப்8800-இல் எந்த ரிஜிஸ்டர் (சிப்புக்குள் எண்ணை வைக்கும் சின்ன அறை) என்று சொல்ல வேண்டும், எஃப்எஃப்8802-இல் மதிப்பை எழுத வேண்டும். இந்த முகவரிகளைச் சாதாரண நிலையில் தொட்டால் புரோகிராம் விழுந்துவிடும். முதலில் எல்லா முகவரிகளையும் தொட பிராசசர் அனுமதிக்கும் சூப்பர்வைசர் நிலைக்குப் போய்விடுங்கள்.

ஏ குரலின் சுருதி 0, 1 ரிஜிஸ்டர்களில். 1,25,000-ஐ வேண்டிய ஹெர்ட்ஸால் வகுத்தால் எழுத வேண்டிய எண் வரும். 440-க்கு 284. ஒலியளவுகள் 8, 9, 10-இல். எந்தக் குரலில் சுரம், எதில் இரைச்சல் என்பது 7-இல்.

ஏழாவதை எழுதும்போது கவனம். அதன் மேல் இரண்டு பிட்டுகளுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை. எஸ்டி இந்தச் சிப்பின் வழியாகத்தான் ஃபிளாப்பி டிரைவையும் தேர்ந்தெடுக்கிறது. அந்த இரண்டு பிட்டும் எப்போதும் 1 ஆகவே இருக்க வேண்டும். 14-ஆவது ரிஜிஸ்டர் பக்கமே போகாதீர்கள். நான் ஒருமுறை எல்லா ரிஜிஸ்டரையும் பூஜ்ஜியமாக்கிச் சுத்தமாகத் தொடங்கலாம் என்று நினைத்து, டிரைவ் விளக்கு அணையாமல் எரிவதைப் பார்த்துப் பயந்துபோனேன்.

இன்னொரு சின்ன வேலை. கீபோர்டில் ஒரு சாவியை அழுத்தும்போது வரும் 'டிக்' சத்தமும் இதே சிப்பில்தான் வருகிறது. முகவரி 484-இல் 0-ஆவது பிட்டை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாட்டின் நடுவே சாவியைத் தொட்டால் ஒரு குரல் காணாமல் போகும்.

இரண்டாவது படி: டைமரை ஓட்டுவது

எம்எஃப்பி டைமர்களின் கடிகாரம் நொடிக்கு 24,57,600 துடிப்பு. அதை முதலில் 4, 10, 16, 50, 64, 100, 200 என்ற ஏழு எண்களில் ஒன்றால் வகுக்கிறோம். இதைப் பிரீஸ்கேலர் என்பார்கள். பிறகு நாம் தரும் 1 முதல் 256 வரையிலான எண்ணால் மறுபடி வகுபடுகிறது. 256 வேண்டுமென்றால் 0 என்று எழுத வேண்டும்.

டைமர் சி-யை விட்டுவிடுங்கள். அது சிஸ்டத்தின் 200 ஹெர்ட்ஸ் கடிகாரம். 64-ஆல் வகுத்து 192-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 200 வரும். மற்ற மூன்றும் நம் மூன்று குரல்களுக்கு. டி-யை சீரியல் போர்ட் பயன்படுத்தும். ஆனால் இசை ஓடும்போது அது பெரும்பாலும் சும்மாதான் இருக்கும்.

புதியவர்கள் ரிஜிஸ்டர் ரிஜிஸ்டராக எழுத வேண்டியதில்லை. எக்ஸ்பயாஸ் என்று எஸ்டியின் சிஸ்டமே தரும் அழைப்புகளில் 31-ஆவது டைமர் அமைப்பதற்கென்றே இருக்கிறது. எந்த டைமர், எந்தப் பிரீஸ்கேலர், எந்த எண், எந்த ரொட்டீன் என்று நான்கையும் கொடுத்தால் அது பார்த்துக்கொள்ளும்.

முதலில் எதையும் இசைக்காமல், டைமர் ஏ ஒவ்வொரு முறை தட்டும்போதும் திரையின் பின்னணி நிறத்தை மாற்றும் ரொட்டீன் ஒன்றை எழுதிப் பாருங்கள். திரையில் கோடுகள் ஓடினால் டைமர் வேலை செய்கிறது. நிறம் ஒரே ஒருமுறை மாறி நின்றுவிட்டால் காரணம் அநேகமாக இதுதான்: "வேலை முடிந்தது" என்று எம்எஃப்பி-யிடம் நீங்கள் சொல்லவில்லை. ரொட்டீன் முடியும் முன் எஃப்எஃப்எஃப்ஏ0எஃப்-இல் 5-ஆவது பிட்டை அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால் இன்னும் முதல் தட்டலே முடியவில்லை என்று நினைத்து எம்எஃப்பி காத்துக்கொண்டே இருக்கும். மருமகன் ஒரு சாயங்காலம் முழுக்க மாட்டிக்கொண்டது இதில்தான்.

மூன்றாவது படி: அகலம் மாறும் குரல்

இனி சத்தம். இதை 'எஸ்ஐடி குரல்' என்று அழைக்கிறார்கள். கொமடோரின் சிப்பைப் போலக் கேட்பதால் வந்த பெயர்.

ஒய்எம்மில் ஒரு குரலுக்குச் சுரம், இரைச்சல் இரண்டையும் அணைத்துவிட்டால் அந்தக் குரல் ஊமையாகிவிடாது. அதன் வெளியீடு மேலேயே நிலைத்து நிற்கும். பிறகு ஒலியளவை மாற்றினால், அந்த மாற்றம் நேராக ஸ்பீக்கருக்குப் போகும். ஏ குரலை இப்படித் திறந்து வைத்து, பி, சி இரண்டிலும் சாதாரணச் சுரம் வேண்டுமென்றால் ஏழாவது ரிஜிஸ்டரில் 249.

இப்போது டைமர் ஏ ஒருமுறை தட்டும்போது 8-ஆவது ரிஜிஸ்டரில் 15, அடுத்த முறை 0, மறுபடி 15. அவ்வளவுதான், நம் கையால் செய்த சதுர அலை. ஒரு சுற்றுக்கு இரண்டு தட்டல் என்பதை மறக்காதீர்கள். 440 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் டைமர் 880 தடவை தட்ட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 16-ஆல் வகுத்தால் 1,53,600. அதை 880-ஆல் வகுத்தால் 174.5. முழு எண் இல்லை. 175 போட்டால் 438.9 ஹெர்ட்ஸ், 174 போட்டால் 441.4. இரண்டும் பி குரலோடு சேர்ந்து ஒலிக்கும்போது லேசாக உரசும். ஆனால் மேல் பாதிக்கு 175, கீழ்ப் பாதிக்கு 174 என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால்? மொத்தம் 349, அதாவது 440.1 ஹெர்ட்ஸ். சுருதி சேர்ந்துவிட்டது. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்று. பிரீஸ்கேலரை 16-இலிருந்து 64-க்கு மாற்றி, அதே 175-உம் 174-உம் வைத்தால் சரியாக இரண்டு ஸ்தாயி கீழே, 110 ஹெர்ட்ஸ். 4-க்கு மாற்றினால் இரண்டு ஸ்தாயி மேலே. ஆக ஒரு சுருதி அட்டவணையைக் கஷ்டப்பட்டுச் செய்துவிட்டால் அது மூன்று இடத்தில் பயன்படும்.

இரண்டு பாதிகளையும் வேறு வேறு நீளமாக்கினால் அகலம் மாறும். 440 ஹெர்ட்ஸில் கால் பங்கு அகலம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16-ஆல் வகுத்தால் நீளப் பகுதிக்கு 262 வரும், 256-ஐத் தாண்டிவிடுகிறது. அதனால் 50-க்குப் போய், மேலே 28, கீழே 84. சத்தம் மெலிந்து மூக்கால் பாடுவது போல மாறும். நொடிக்கு 50 தடவை, மேல் பகுதியிலிருந்து ஒன்றைக் கழித்துக் கீழ்ப் பகுதியில் கூட்டிக்கொண்டே போங்கள். அந்த அசைவைக் கேட்டதும்தான் இந்த வித்தை ஏன் இத்தனை பேரைப் பிடித்து வைத்தது என்று புரியும்.

இங்கே ஒரு பொறி. ஓடிக்கொண்டிருக்கும் டைமருக்குப் புது எண் எழுதினால் அது உடனே எடுத்துக்கொள்ளாது. நடப்பு எண்ணிக்கை முடிந்த பிறகுதான் எடுக்கும். நம் ரொட்டீன் தொடங்கும்போதே அடுத்த எண்ணிக்கை ஓட ஆரம்பித்திருக்கும். ஆகவே ஒலியை மேலே தூக்கும் ரொட்டீனில் கீழ்ப் பகுதியின் நீளத்தை எழுத வேண்டும், கீழே இறக்கும் ரொட்டீனில் மேல் பகுதியின் நீளத்தை. மாற்றி எழுதினாலும் சத்தம் வரும், ஆனால் நீங்கள் கேட்ட அகலத்துக்கு எதிர் அகலம் வரும். இந்தத் தாமதத்தில் நன்மையும் உண்டு. சுரத்தை மாற்ற டைமரை நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தாமல் மாற்றினால் 'டிக்' என்ற ஒட்டுச் சத்தம் வராது. பிரீஸ்கேலருக்கு இந்த மரியாதை கிடையாது. ஓடும்போது அதை மாற்றினால் முதல் எண்ணிக்கை எவ்வளவு நீளும் என்று சொல்ல முடியாது. நீளும் சுரத்தின் நடுவில் அதைத் தொடாதீர்கள், புதுச் சுரம் பிறக்கும் இடத்தில் மாற்றுங்கள்.

இரண்டு கைகள், ஒரே வாசல்

இதைத்தான் எல்லாவற்றையும் விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். என் பாட்டுகளில் ஒன்று பல மாதம் எங்கோ ஓரிடத்தில் 'டப்' என்று உதைத்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில். சுர அட்டவணையைச் சரிபார்த்தேன், எமுலேட்டரைச் சந்தேகப்பட்டேன். பிழை இருந்தது வேறெங்கோ.

பாட்டை ஓட்டும் முக்கிய ரொட்டீன் நொடிக்கு 50 தடவை வரும் திரை இன்டர்ரப்டில் ஓடுகிறது. அதன் நிலை 4. எம்எஃப்பி-யின் நிலை 6. மேல் நிலையில் இருப்பவர் கீழ் நிலையில் இருப்பவரை எந்த இடத்திலும் குறுக்கிடலாம். முக்கிய ரொட்டீன் எஃப்எஃப்8800-இல் "பி குரலின் சுருதி" என்று சொல்லிவிட்டு மதிப்பை எழுதக் கை நீட்டும் நொடியில் டைமர் குறுக்கே வருகிறது. அது "8-ஆவது ரிஜிஸ்டர்" என்று சொல்லி எழுதிவிட்டுப் போய்விடுகிறது. முக்கிய ரொட்டீன் திரும்பி வந்து, ஒன்றும் தெரியாமல், பி-யின் சுருதிக்கான எண்ணை ஏ-யின் ஒலியளவில் எழுதுகிறது. டப்.

தீர்வு சுலபம். பிராசசர் ஒரு கட்டளையின் நடுவில் குறுக்கீட்டை ஏற்காது, முடித்துவிட்டுத்தான் ஏற்கும். எனவே ரிஜிஸ்டர் எண்ணையும் மதிப்பையும் ஒரே கட்டளையில் எழுதுங்கள். எஃப்எஃப்8800-க்கு 32 பிட் எண்ணாக 08000எஃப்00 எழுதினால் முதல் பைட்டான 08 ரிஜிஸ்டரைத் தேர்ந்தெடுக்கும், மூன்றாவது பைட்டான 0எஃப் மதிப்பாகப் போகும். மதிப்பு மாறிக்கொண்டே இருக்கும் இடங்களில் 'மூவ்பி' (MOVEP) கட்டளை இருக்கிறது. மேல் பைட்டில் ரிஜிஸ்டர் எண், கீழ் பைட்டில் மதிப்பு என்று வைத்து 16 பிட்டாக எழுதினால், ஒன்றுவிட்ட முகவரிகளில் சரியாகப் போய் விழும். டைமர் ரொட்டீனில் மட்டும் இப்படி எழுதினால் போதாது. குறுக்கிடப்படுவது முக்கிய ரொட்டீன்தான், அதில்தான் இது கட்டாயம் வேண்டும்.

நான்காவது படி: உறுமும் அடிக்குரல்

மருமகன் கேட்ட உறுமல் இது. என்வலப் என்பது ஒலியை ஏற்றி இறக்கும் பகுதி. அதை வேகமாகச் சுற்றவிட்டால் அதுவே ஓர் அலையாகிவிடும். ஏ குரலின் ஒலியளவில் 16 என்று எழுதினால் அந்தக் குரல் என்வலப்பின் கைக்குப் போகும். 13-ஆவது ரிஜிஸ்டரில் 8 எழுதினால் ரம்பப்பல் வடிவம். வேகம் 11, 12 ரிஜிஸ்டர்களில். 7812.5-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஹெர்ட்ஸ்.

கஷ்டம் என்னவென்றால் சுருதி. எண் 16 என்றால் 488 ஹெர்ட்ஸ், 17 என்றால் 460. நடுவில் ஒன்றுமில்லை. ஒரு முழு அரைச்சுரம் இடைவெளி. மேலே போகப் போக நிலைமை இன்னும் மோசம்.

13-ஆவது ரிஜிஸ்டரில் எதை எழுதினாலும், பழைய எண்ணையே மறுபடி எழுதினாலும், என்வலப் முதலிலிருந்து தொடங்கும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். டைமர் ஒவ்வொரு தட்டலிலும் 13-இல் 8 எழுதட்டும். இப்போது சுருதி டைமரின் கையில், என்வலப்பின் வேகம் சத்தத்தின் நிறத்தை மட்டும் மாற்றுகிறது. பிரீஸ்கேலர் 100, எண் 223 என்று வையுங்கள், 110.2 ஹெர்ட்ஸ். என்வலப் எண்ணை 71-இல் தொடங்கி மெதுவாக 20 வரை இறக்குங்கள். சுரம் அசையாமல் நிற்க, அதற்குள்ளே வாய் திறந்து மூடுவது போல ஒலி மாறும். என்வலப் சிப்புக்கு ஒன்றே ஒன்றுதான். ஆகவே ஒரே நேரத்தில் ஒரு குரலுக்கு மட்டும் இந்த உறுமல் கிடைக்கும். இதற்கு 'சின்க் பஸ்ஸர்' என்று பெயர்.

ஐந்தாவது படி: செண்டையை உள்ளே கொண்டுவருவது

ஒலியளவை மாற்றினால் அதுவே சத்தம் என்று பார்த்தோம். அப்படியானால் பதிவு செய்த ஒலியையும் அப்படியே ஊட்டலாம். டைமரை 4-ஆல், பிறகு 100-ஆல் வகுத்தால் நொடிக்குச் சரியாக 6144 தடவை. அரை நொடிச் செண்டை அடிக்கு 3072 பைட், அவ்வளவு சின்னது.

போனில் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்தும் மென்பொருளில் ஒற்றைத் தடமாக்கி, 6144 ஹெர்ட்ஸுக்கு மாற்றி, ஒலியை உச்சம் வரை தூக்கி, தலைப்பில்லாத 8 பிட் கோப்பாக எடுங்கள். இந்த வேகத்தில் 3072 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் தங்காது. செண்டையின் இடந்தலைப் பக்கம் தரும் கூர்மையான வெடிப்பு மழுங்கிவிடும். நான் இரண்டையும் போட்டுப் பார்த்து, கனத்து ஒலிக்கும் மறுபக்கமான வலந்தலையின் அடியை வைத்துக்கொண்டேன். கனமான அடி அழகாக வருகிறது.

8 பிட்டை நேராக 16-ஆல் வகுத்து ஊட்டக் கூடாது. சிப்பின் ஒலியளவுப் படிகள் சமமானவை அல்ல, ஒவ்வொரு படிக்கும் சுமார் 3 டெசிபல். 15-க்குப் பாதி உயரம் 7 அல்ல, 13. கால் உயரம் 11. அதனால் 256 இடமுள்ள அட்டவணை ஒன்று செய்து, ஒவ்வொரு உயரத்துக்கும் நெருங்கிய படியை முன்கூட்டியே மாற்றி வைத்துவிடுங்கள். இதன் விளைவாக அலையின் மேல் பாதிக்கு 13, 14, 15 என்ற மூன்றே படிகள்தான் கிடைக்கும். கொரகொரப்பு அங்கிருந்து வருகிறது. மூன்று குரல்களையும் சேர்த்துக் கூட்டினால் நுணுக்கமான படிகள் கிடைக்கும், ஆனால் பாட்டுக்குக் குரலே மிஞ்சாது. தாள அடிக்கு ஒரு குரலும் அந்தக் கொரகொரப்பும் போதும் என்பது என் கருத்து.

நேரக் கணக்கையும் பாருங்கள். நொடிக்கு 6144 தட்டல் என்றால் இரண்டு தட்டலுக்கு நடுவே பிராசசருக்குச் சுமார் 1300 துடிப்பு. இன்டர்ரப்டுக்குள் நுழைய 44, வெளியேற 20. ரொட்டீன் மொத்தம் 150-இல் முடிந்தால் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான் போகும். ஒலி தீர்ந்ததும் டைமரை நிறுத்த மறக்காதீர்கள். மறந்தால் அடுத்த பைட்டுகளில் இருக்கும் சுர அட்டவணையையும் செண்டையாக வாசித்துக்கொண்டே போகும்.

வெளியேறும்போதும், பதிவு செய்யும்போதும்

தொடங்கும் முன் டைமர்களின் பழைய அமைப்பையும், அவற்றின் ரொட்டீன் முகவரிகளையும் எடுத்து வையுங்கள். டைமர் ஏ-யின் முகவரி 134-இல், பி 120-இல், டி 110-இல். முடியும்போது மூன்று டைமரையும் நிறுத்தி, ஒலியளவுகளை 0 ஆக்கி, எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

ஒற்றை நிற மானிட்டரில் எஸ்டியின் திரை 50-க்குப் பதில் 71 தடவை புதுப்பிக்கப்படும். பாட்டைத் திரையோடு கட்டியிருந்தால் அங்கே ஓட்டமெடுக்கும். ஹட்டாரியில் வண்ண மானிட்டரைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள்.

பாட்டை நண்பர்களுக்கு அனுப்ப ஹட்டாரியில் இரண்டு வகையாகப் பதிவு செய்யலாம். ஒய்எம் கோப்பு வேண்டாம். அது ஒவ்வொரு திரைக்கும் ஒருமுறை ரிஜிஸ்டர்களை எழுதி வைக்கும், அவ்வளவுதான். நடுவில் டைமர்கள் செய்த ஆயிரக்கணக்கான மாற்றம் அதில் இருக்காது. வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். அல்லது, இன்னும் நல்லது, எஸ்என்டிஎச் கோப்பாகக் கட்டுங்கள். அதில் உங்கள் ரொட்டீனே உள்ளே இருப்பதால், கேட்பவரின் பிளேயரிலும் டைமர்கள் ஓடும். மருமகன் ஊருக்குக் கிளம்பும் முன் நான் அவனுக்கு முதலில் அனுப்பியது ஒய்எம் கோப்பு. பஸ்ஸிலிருந்தே போன் செய்தான்: "மாமா, இதுல செண்டையக் காணோமே."